குடும்பத்தோடு தீம் பார்க் போகும்போது மதியம் ஹோட்டலுக்குத் திரும்பி ஓய்வெடுத்துவிட்டு மறுபடி போவது சரியா, நேர விரயமா?

கேள்வியில் கொடுத்திருக்கும் விவரம்: நான்கு நாள் பயணம், 4 வயதிலும் 9 வயதிலும் பிள்ளைகள், கூடவே தாத்தா பாட்டி. "அவ்வளவு காசு கொடுத்து டிக்கெட் எடுத்துவிட்டு நட்டநடுப் பகலில் ரூமில் போய்ப் படுப்பதா?" என்பது கேட்டவரின் மனக்குறை.

பிள்ளைகளின் வயதைப் பார்த்து இதை முடிவு செய்யலாம் என்றுதான் பலரும் சொல்வார்கள். வயது முக்கியம்தான், ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய எண் ஒன்று இருக்கிறது. கடைசியாக ஏறிய ரைடை விட்டு இறங்கிய நொடியிலிருந்து ரூம் கட்டிலில் பிள்ளையைக் கிடத்தும் வரை எத்தனை நிமிடம் ஆகும்? 25 நிமிடத்துக்குள் என்றால் யோசிக்காமல் போய் வாருங்கள். 25 முதல் 40 நிமிடம் என்றால், சின்னக் குழந்தையோ வயதானவர்களோ கூட இருந்து, பார்க்கும் இரவு 9 மணிக்கு மேல் திறந்திருந்தால் மட்டும் போகலாம். அதற்கும் மேலே ஆகுமென்றால் வெளியே போகவே வேண்டாம், ஓய்வைப் பார்க்குக்குள்ளேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த நிமிடக் கணக்கில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். மேப்பில் "ஹோட்டல் 12 நிமிடம்" என்று காட்டும். அது வண்டி ஓடும் நேரம் மட்டும்தான். பார்க்கின் கடைக்கோடியிலிருந்து வாசலுக்கு ஸ்ட்ரோலரை (குழந்தைத் தள்ளுவண்டி) தள்ளிக்கொண்டு, நடுவில் ஒரு டாய்லெட்டுக்கு நின்று வர 15 நிமிடம். வாசலிலிருந்து வண்டி நிற்கும் வரிசையைக் கண்டுபிடிக்க 10 நிமிடம், பஸ் என்றால் அது வரும்வரை 15 முதல் 20 நிமிடம். ஹோட்டலில் இறங்கி, லிஃப்டுக்கு நின்று, ரூம் கதவைத் திறக்க இன்னொரு 8 நிமிடம். 12 நிமிடப் பயணம் சத்தமில்லாமல் 45 ஆகிவிடும். போக 45, வர 45 என்று ஒன்றரை மணி நேரம் ரோட்டிலேயே போனால், கிடைக்கும் ஓய்வைவிட அந்த அலைச்சல்தான் மிச்சம்.

ஃப்ளோரிடாவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இருக்கும், 1971-இல் திறந்த மேஜிக் கிங்டம் பார்க்குக்கு வாசலை ஒட்டிப் பொதுப் பார்க்கிங் கிடையாது. நடுவில் ஒரு பெரிய ஏரி இருக்கிறது. வெளியே வந்ததும் மோனோரயிலோ படகோ ஏறி அக்கரைக்குப் போய், அங்கிருந்துதான் காருக்கு நடக்க வேண்டும், அல்லது டிராம் பிடிக்க வேண்டும். காரில் வருபவர்களுக்கு மதிய ஓய்வு கட்டுப்படியாகாத பார்க் என்றால் இதுதான். அதே பார்க்கின் பக்கத்தில் இருக்கும் கன்டெம்ப்ரரி ஹோட்டலில் தங்கியிருப்பவர் நடந்தே ரூமுக்குப் போய்விடுவார். கலிஃபோர்னியாவில் 1955-இல் திறந்த டிஸ்னிலேண்டில் நிலைமை வேறு. எதிர்ச்சாரியிலேயே ஹோட்டல்கள் வரிசையாக இருப்பதால் ரோட்டைத் தாண்டினால் ரூம். ஆகவே ரூம் போடும்போதே இந்தக் கேள்விக்குப் பாதிப் பதில் முடிவாகிவிடுகிறது. தூரத்தில் மலிவாக ரூம் எடுத்துவிட்டு மதிய ஓய்வுக்கும் திட்டம் போடாதீர்கள். இரண்டும் ஒத்துவராது.

சரி, தூரம் ஒத்துவருகிறது என்று வையுங்கள். அடுத்து, எதை இழக்கிறீர்கள் என்று பார்ப்போம். பகல் 12-லிருந்து 4 வரை வெயிலும் உச்சத்தில், கியூவும் உச்சத்தில். காலையில் கதவு திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் மூன்று ரைடு போக முடிந்த இடத்தில், மதியம் ஒன்று போனாலே பெரிது. அதனால் நான்கு மணி நேரம் வெளியே இருந்தால் போவது மூன்று நான்கு ரைடுதான். அதைக் காலையிலும் இரவிலும் ஈடுகட்டிவிடலாம். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: கதவு திறப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பே வாசலில் நிற்க வேண்டும். காலை 10.30-க்கு நிதானமாக வந்து, கியூ நீளும் நேரத்தில் இரண்டு ரைடு போய்விட்டு 1 மணிக்கு ஓய்வுக்குக் கிளம்பும் குடும்பத்துக்கு இது சுத்த நஷ்டம். தாமதமாக எழும் வழக்கம் உள்ளவர்கள் காலைத் தூக்கத்தையே ஓய்வாகக் கணக்கு வைத்துக்கொண்டு மதியம் பார்க்கிலேயே இருப்பது மேல். பதின்வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இதுதான் சரிப்பட்டு வரும். அவர்களை மதியம் படுக்கச் சொன்னால் ரூமில் ஃபோனைத்தான் நோண்டுவார்கள்.

குளிர்காலத்தில் சில பார்க்குகள் மாலை 6 மணிக்கே மூடிவிடும். அந்த நாட்களில் இந்தப் பேச்சே வேண்டாம்.

கிளம்பும் நேரம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். பிள்ளை அழுது புரண்ட பிறகு "சரி, ரூமுக்குப் போகலாம்" என்று கிளம்பினால் வேலைக்காகாது. அந்த நிலைக்குப் போன குழந்தை எளிதில் தூங்காது, கையிலும் நிற்காது, ஸ்ட்ரோலரிலும் உட்காராது. வீட்டில் வழக்கமாக 1 மணிக்குத் தூங்கும் 4 வயதுப் பிள்ளை என்றால் 12.15-க்கே வாசலை நோக்கி நடக்கத் தொடங்குங்கள். வாயாடிப் பிள்ளை திடீரென்று பேச்சை நிறுத்துவது, காதைத் தேய்ப்பது, சமதரையில் தடுக்கி விழுவது, இதுவரை ஆசையாகக் கேட்டதையே வேண்டாம் என்று தள்ளுவது எல்லாம் முன்னறிவிப்பு. இதைப் பார்த்த பிறகு "இந்த ஒரு ரைடு மட்டும்" என்று நிற்கக் கூடாது. அந்த ஒன்றில்தான் காரியம் கெடும். சாப்பாட்டை 11 மணிக்கே முடித்துவிட்டால் உணவகக் கூட்டத்திலிருந்தும் தப்பலாம், வயிறு நிறைந்த பிள்ளை சீக்கிரம் தூங்கும்.

கிளம்புவதற்கு முன் அன்றைய ஊர்வல நேரத்தையும் பாருங்கள். பெரிய பார்க்குகளில் மதிய ஊர்வலம் பெரும்பாலும் பிரதான வீதி வழியாகத்தான் போகும். வாசலுக்குப் போகும் வழியும் அதுவே. கயிறு கட்டிவிட்டார்கள் என்றால் ஸ்ட்ரோலரோடு அந்தப் பக்கம் போக முடியாமல் அரை மணி நேரம் வெயிலில் நிற்க வேண்டியதுதான்.

இன்னொரு சிக்கல் வண்டித் தூக்கம். பிள்ளை காரில் ஏறியதும் கண் சொருகி, பத்து நிமிடம் தூங்கி, ரூமில் தூக்கி இறக்கும்போது விழித்துக்கொள்ளும். அந்தப் பத்து நிமிடமே தூக்கக் கிறக்கத்தைக் கரைத்துவிடும். அப்புறம் ரூமில் எவ்வளவு தட்டிக் கொடுத்தாலும் கட்டிலில் குதிக்கத்தான் செய்யும். பயணம் 15 நிமிடத்துக்குள் என்றால் எதையாவது கொறிக்கக் கொடுத்து, ஜன்னலைக் காட்டிப் பேச்சுக் கொடுத்து விழித்திருக்க வையுங்கள். அதைவிட நீளம் என்றால் தூங்கவிட்டு, ஹோட்டலுக்கு வந்த பிறகும் ஏசி ஓடும் காரிலேயே ஒரு பெரியவர் கூட உட்கார்ந்து அந்தத் தூக்கத்தை முடிக்க விடுங்கள். பஸ் இதற்குச் சுத்தமாகச் சரிவராது. டிஸ்னி வேர்ல்டு பஸ்களில் ஸ்ட்ரோலரை மடித்துத்தான் ஏற வேண்டும், மடிக்க வேண்டுமென்றால் தூங்கும் பிள்ளையைக் கிளப்ப வேண்டும். அங்கேயே எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ் பார்க்குகளுக்குப் போகும் ஸ்கைலைனர் கேபிள் காரில் சாதாரண அளவு ஸ்ட்ரோலரை மடிக்காமல் அப்படியே உள்ளே தள்ளிவிடலாம். குழந்தை வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சின்ன வித்தியாசம் பெரிய விஷயம்.

ரூமுக்கு வந்த பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான். காலையில் கிளம்பும்போதே ஏசியை ஓடவிட்டு, திரைச்சீலையை மூடிவிட்டு, துப்புரவு ஆட்கள் மதியம் வந்து தட்டாதபடி கதவில் அட்டை மாட்டிவிடுங்கள். உள்ளே நுழைந்ததும் முகம் கை கால் கழுவி, வியர்த்த உடுப்பை மாற்றி, தண்ணீர் கொடுத்துப் படுக்க வைப்பது. பிள்ளைக்கு ஒன்றரை மணி நேரம் தாராளம். 3.30-க்கு மேல் தூங்கவிட்டால் இரவு 11 மணிக்கும் ஆட்டம் போடும், மறுநாள் காலை எழாது, சீக்கிரம் வாசலில் நிற்கும் திட்டம் அங்கேயே முறிந்துவிடும். பெரியவர்கள் 20 நிமிடம் கண்ணயரலாம், இல்லையென்றால் முழுதாக ஒன்றரை மணி நேரம் தூங்கலாம். ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் அலாரம் வைத்து எழுந்தால் தலை கனத்து, எரிச்சலோடுதான் பார்க்குக்குத் திரும்புவீர்கள்.

நேர மாறுபாடு அதிகமுள்ள நாட்டிலிருந்து போயிருந்தால் முதல் இரண்டு நாள் மதியம் படுப்பது ஆபத்து. உடம்பு அதை ராத்திரி என்று எடுத்துக்கொண்டு நான்கு மணி நேரம் அடித்துப் போட்டதுபோலத் தூங்கும். படுத்தே ஆக வேண்டும் என்றால் 30 நிமிடத்துக்கு அலாரம், அதுவும் திரையை மூடாமல்.

நீச்சல் குளத்தை ஓய்வு என்று நினைப்பவர்கள் அதிகம். 9 வயதுப் பிள்ளைக்கு அது கொண்டாட்டம், உடம்பும் குளிரும், மறுப்பதற்கில்லை. ஆனால் அது ஓய்வு இல்லை. உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் நீந்திய பிள்ளை இரவு வாணவேடிக்கைக்கு முன்பே தூங்கி வழியும். முக்கால் மணி நேரத்தோடு நிறுத்தி, நிழலில் உட்கார வைத்து, சன்ஸ்கிரீனை மறுபடி தடவுங்கள். ஃப்ளோரிடாவில் கோடைக்கால மதியங்களில் இடியும் மின்னலும் சர்வசாதாரணம். மின்னல் பக்கத்தில் வந்தால் பார்க்கில் வெளிப்புற ரைடுகளை நிறுத்துவார்கள், அதே நேரம் ஹோட்டல் குளத்தையும் மூடுவார்கள். மழைக்குப் பயந்து குளத்துக்கு வந்தவர்களுக்கு இரண்டும் இல்லாமல் போகும்.

திரும்பிப் போவதற்கு முன்: உள்ளங்கால் கொப்புளத்துக்கு ஈரச் சாக்ஸும் ஒரு முக்கியக் காரணம். எல்லோருக்கும் காய்ந்த சாக்ஸ், முடிந்தால் வேறு ஷூ. டிக்கெட்டும் சாப்பாட்டு ஆர்டரும் ஃபோனில் இருப்பதால் ஓய்வு நேரத்திலேயே அதை முழுதாக சார்ஜ் போட்டுவிடுங்கள். வெளியே வரும்போது மறுநுழைவுக்கு முத்திரை குத்த வேண்டுமா, திரும்ப விடுவார்களா என்று வாசலில் கேட்டுக்கொண்டு வரவும். ஒரே ஒருமுறைதான் நுழைவு என்று வைத்திருக்கும் பார்க்குகளும் உண்டு. வாடகை ஸ்ட்ரோலர், பார்க்கிங் ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். டிஸ்னி வேர்ல்டில் அன்றைக்கு வேறு பார்க்குக்குப் போனாலும் அதே ரசீதைக் காட்டினால் போதும். ஆப்பில் ரைடுக்கு நேரம் பதிவு செய்யும்போது அது ஓய்வு நேரத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், 4.30-க்கு மேல் இருந்தால் வசதி.

தூரம் ஒத்துவராதவர்களுக்கு, பார்க்குக்குள் ஓய்வு. பெஞ்சில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்பதை ஓய்வு என்று சொல்ல முடியாது. ஏசி, இருட்டு, உட்கார இடம் மூன்றும் இருக்க வேண்டும். அரங்கக் காட்சிகளைக் காலையில் பார்த்துத் தீர்க்காமல் மதியத்துக்கென்று எடுத்து வையுங்கள். மேஜிக் கிங்டமில் கேரசல் ஆஃப் ப்ராக்ரஸ் சுமார் 20 நிமிடம், எப்காட்டில் அமெரிக்கன் அட்வென்ச்சர் அரை மணி நேரம். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு நல்ல குட்டித் தூக்கம். 1.30 மணிக்கு மேசையில் பரிமாறும் உணவகம் ஒன்றை முன்கூட்டியே பதிவு செய்தால் இன்னும் ஒரு மணி நேரம். கைக்குழந்தை என்றால் குழந்தைப் பராமரிப்பு மையம் எங்கே என்று காலையிலேயே வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பால் கொடுக்க, டயபர் மாற்ற அங்கே வசதி இருக்கும். ஸ்ட்ரோலரில் தூங்க வைத்தால் வெயில் படாமலிருக்க மேலே போர்வையைப் போர்த்தாதீர்கள். காற்றோட்டம் அடைபட்டு உள்ளே சூடு ஏறிவிடும். நிழலில் நிறுத்தி, சின்ன ஃபேன் ஒன்றை மாட்டுங்கள், போதும்.

நான்கு நாளும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை. முதல் நாள் பிள்ளைகள் இருக்கும் உற்சாகத்தில் தூங்கவே மாட்டார்கள், அன்றைக்குப் பார்க்குக்குள்ளேயே ஓய்வெடுத்துக்கொண்டு மாலை சீக்கிரம் வந்துவிடலாம். களைப்பு இரண்டாம் நாள் மதியம்தான் தலைகாட்டும், அன்று கட்டாயம் ரூம். மூன்றாம் நாளை 2 மணியோடு முடித்துவிடுவது என் யோசனை. திரும்பிப் போகும் அலைச்சலே இல்லை. நான்காம் நாள் எப்படி என்பதைப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எல்லோரும் ஒன்றாகத்தான் போய் வர வேண்டும் என்பதும் இல்லை. உங்கள் குடும்பத்தில் நான்கு பெரியவர்கள் இருக்கிறீர்கள். 12.15-க்குத் தாத்தா பாட்டியும் சின்னதும் ஒரு பெரியவரும் ரூமுக்கு, மற்றவர் 9 வயதுப் பிள்ளையோடு பார்க்கில். உயரக் கட்டுப்பாட்டால் சின்னது ஏற முடியாத ரைடுகளை முடிக்க அதுதான் நல்ல நேரம். எல்லோரும் சேர்ந்திருக்கும்போது அந்த ரைடுகளுக்குப் போனால், டிஸ்னியில் ரைடர் ஸ்விட்ச் கேளுங்கள், யுனிவர்சலில் சைல்டு ஸ்வாப். ஒருவர் போய் வரும்வரை மற்றவர் சின்னதோடு இருந்துவிட்டு, மறுபடி முழுக் கியூவில் நிற்காமல் ஏறலாம்.

3.30 ஆகியும் சின்னது எழவில்லை என்றால் உலுக்கி எழுப்ப வேண்டாம், திரையை மட்டும் விலக்கிவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தானே எழுந்துவிடும். எழாவிட்டால் பாட்டியிடம் விட்டுவிட்டு மற்றவர்கள் கிளம்பலாம். பின்னாலேயே வந்து சேர்ந்துகொள்ளும் இடத்தை மட்டும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள், வாசலுக்கு உள்ளே வேண்டாம், வெளியே.