நீண்ட தூரம் ஓடினால் குதிகால் வலி, கெண்டைக்கால் பிடிப்பு: உப்பு பத்தாததுதான் காரணமா?

காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் குதிகாலை ஊன்றவே முடியவில்லை, 25 கிலோமீட்டர் தாண்டினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, உப்பு பத்தவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு கோளாறு. ஆனால் இரண்டுக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: கெண்டைக்கால் சதையை வலுவாக்குங்கள்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் சிலர் ஞாயிறு விடியலில் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடுவோம். யாருக்காவது கால் இழுத்துக்கொண்டால் உடனே ‘உப்பு பத்தல’ என்று 100 பிளஸ் என்ற உப்புச்சத்து பானத்தின் டின்னை நீட்டுவார்கள். நம்மூர்ப் புழுக்கத்தில் தண்ணீரும் உப்பும் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் நெடுந்தூர ஓட்டக்காரர்களின் இரத்தத்தைச் சோதித்த ஆய்வுகளில், பிடிப்பு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் உப்பு அளவில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. உப்புதான் காரணமென்றால் உடம்பு முழுக்க அல்லவா பிடிக்க வேண்டும்? உழைத்துக் களைத்த சதைதான் பிடிக்கிறது. களைத்த சதையைச் சுருங்கச் சொல்லும் நரம்புத் தூண்டல் கூடி, தளரச் சொல்வது குறைந்துபோகிறது என்பதுதான் இன்று வலுவாக நிற்கும் விளக்கம். பயிற்சியில் ஓடாத வேகத்தைப் பந்தயத்தன்று எடுப்பவர்களுக்கு இது அதிகம் வரும்.

ஒரு தம்பிக்கு அப்படிப் பிடித்தபோது, தோலுக்கடியில் சதை எலுமிச்சை மாதிரி உருண்டு நின்றது. கூட வந்த அண்ணன் அவனை உட்காரவைத்து, முட்டியை நேராக்கி, கால்விரல்களை முழங்கால் பக்கம் மெல்ல இழுத்துப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் உருண்டை கரைந்துவிட்டது. அந்த நேரத்தில் இதுதான் வைத்தியம். வெள்ளரி ஊறிய புளிப்புத் தண்ணீர் கொஞ்சம் குடித்தாலும் பிடிப்பு சீக்கிரம் விடுவதாக 2010-இல் ஓர் ஆய்வு வந்தது. அது இரத்தத்தில் சேரும் முன்பே விட்டதால், தொண்டையில் பட்ட புளிப்பே நரம்பை அடக்கியிருக்க வேண்டும் என்றார்கள்.

குதிகாலுக்கு வருவோம். முதல் சில அடிகளில் குத்தி, நடக்க நடக்கக் குறைந்தால், பெரும்பாலும் குதிகாலிலிருந்து விரல்வரை ஓடும் உள்ளங்கால் பட்டையில்தான் கோளாறு. கெண்டைக்கால் இறுகியிருந்தால் பட்டைக்குச் சுமை கூடும். துவாலையைச் சுருட்டிப் படிக்கட்டில் வைத்து, கால்விரல்கள் அதன்மேல் இருக்கும்படி ஒற்றைக்காலில் நில்லுங்கள். 3 விநாடியில் குதிகாலை உயர்த்தி, 2 விநாடி நிறுத்தி, 3 விநாடியில் இறக்குங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். டென்மார்க்கில் சோதித்தபோது, மூன்றாம் மாதத்தில் வெறும் நீட்டல் பயிற்சியைவிட இது நல்ல பலன் தந்தது. அவசரப்படாதீர்கள், பட்டை ஆற மாதக்கணக்கில் ஆகும். அதுவரை ஓடும் தூரத்தைக் குறையுங்கள், வீட்டிலும் மெத்தென்ற செருப்பு போடுங்கள்.

ஒரு விரலால் தொட்டுக் காட்டும் அளவுக்கு எலும்பில் ஒரே இடத்தில் வலித்து, ஓட ஓடக் கூடினால் எலும்பில் கீறல் இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். ஓட்டத்துக்குப் பின் சிறுநீர் கறுத்துப் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.