நடவு வலிக்கு 'செட் மாத்திரை': சுகர் இறங்காததற்கு இதுதான் காரணமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. சுகர், பிரஷர் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கித் தவறாமல் போடுகிறார். நடவுக்குப் போய் வந்தால் இடுப்பு வலி, முழங்கால் வலி. மெடிக்கலில் 'ஒரு செட்' வாங்கிப் போட்டுக்கொள்வார். கொஞ்ச நாளாக சுகர் இறங்கவே மாட்டேன் என்கிறது. மெடிக்கலில் கேட்டால் போதுமா, டாக்டரிடம் போக வேண்டுமா? (வாசகி, மன்னார்குடி)

பதில்: இரண்டு இடத்திலும் கேட்க வேண்டும். முதலில் மெடிக்கல், ஏனென்றால் அந்த செட்டுக்குள் என்ன இருக்கிறது என்று டாக்டருக்குத் தெரியாது.

குறுவை நடவானாலும் சம்பா களையெடுப்பானாலும் சாயங்காலம் மெடிக்கல் வாசலில் இதே கூட்டம்தான். பேப்பரில் மடித்துத் தருகிற நாலு உதிரி மாத்திரை. அட்டையும் இருக்காது, பெயரும் இருக்காது. பெரும்பாலும் டைக்ளோஃபினாக் அல்லது அசிக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை, கூடவே ஒரு கேஸ் மாத்திரை. பல செட்டில் பொடிசாக ஒரு ஸ்டீராய்டும் இருக்கும்: டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசலோன், இவற்றில் ஒன்று. ஒரே ராத்திரியில் வலி விட்டுப்போவது அதனால்தான். சுகர் ஏறுவதும் அதனால்தான்.

வலி மாத்திரையும் சும்மா இருக்காது. பிரஷர் மாத்திரையின் வேலையைக் குறைக்கும். எனலாப்ரில், டெல்மிசார்ட்டன் போன்ற பிரஷர் மாத்திரைகளோடு, நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. தண்ணீர்கூடக் குடிக்காமல் பகலெல்லாம் வெயிலில் குனிந்து நிற்பவருக்கு இன்னும் அதிகம்.

இவையெல்லாம் டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகள். 1948ஆம் ஆண்டு மருந்தகச் சட்டப்படி, சீட்டுக்கு மருந்து கொடுக்க வேண்டியவர் பதிவு பெற்ற மருந்தாளுநர். எப்படிச் சாப்பிடுவது, எதோடு சேரக் கூடாது என்று சொல்வதும் அவர் கடமை என்கின்றன 2015ஆம் ஆண்டு விதிமுறைகள். நடப்பு என்னவென்றால், பல கடைகளில் அவருடைய சான்றிதழ் சுவரில் தொங்கும். மருந்தை எடுத்துக் கொடுப்பது வேறு யாரோ.

மருந்தாளுநரே உட்கார்ந்து பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு லாஸ் ஏஞ்சல்ஸில் ஓர் ஆய்வு உண்டு. பிரஷர் கட்டுப்படாத கறுப்பின ஆண்களை, அவர்கள் வழக்கமாகப் போகும் முடிதிருத்தகத்துக்கே வந்து மருந்தாளுநர்கள் கவனித்தார்கள். ஆறு மாதத்தில் பிரஷரின் மேல் அளவு சராசரியாக 27 புள்ளி இறங்கியது. முடிதிருத்துபவர் அறிவுரை மட்டும் சொன்ன இடங்களில் 9 சொச்சம்தான். 2018இல் வெளியானது. அங்கே டாக்டர்களோடு ஒப்பந்தம் போட்டு மருந்தாளுநரே மருந்தை மாற்றி எழுதினார். இங்கே அந்த அதிகாரம் கிடையாது. ஆனால் பார்த்துச் சொல்லவும், கொடுக்க மறுக்கவும், டாக்டரிடம் அனுப்பவும் தடையில்லை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. வீட்டிலுள்ள எல்லா மாத்திரையையும், மீதமிருக்கும் செட்டையும் சேர்த்து ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். கூட்டமில்லாத மத்தியான நேரத்தில் போய், "மருந்தாளுநர் யார்?" என்று கேட்டு அவரிடமே காட்டுங்கள். செட்டில் உள்ளவற்றின் பெயரை எழுதி வாங்குங்கள். மழுப்பினால் கடையை மாற்றுங்கள். அந்தச் சீட்டோடு டாக்டரிடம் போய், சிறுநீரகத்துக்கு கிரியாட்டினின் பரிசோதனையும் கேளுங்கள்.

ஒன்று முக்கியம்: அம்மா வாரக்கணக்கில் தினமும் செட் போட்டிருந்தால், டாக்டரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தாதீர்கள். நாள்பட்ட ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால் பிரஷர் சரிந்து மயக்கம் வரலாம், படிப்படியாகத்தான் குறைப்பார்கள்.

அப்புறம், முழங்காலுக்கு என்ன செய்வது என்பீர்கள். பாராசிட்டமால் எவ்வளவு போடலாம் என்று டாக்டரிடமே கேளுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. உங்கள் சுகாதார நிலையத்தில் அம்மா பெயரைப் பதிந்துவிடுங்கள்.