மருத்துவர் பதில்: கொட்டுவது வேறு, நெற்றி ஏறுவது வேறு

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 31. வீடு பட்டர்வொர்த்தில், வேலை பாயான் லெப்பாஸில், ஷிஃப்ட். பினாங்குப் பாலத்தைத் தாண்டி தினமும் மோட்டார் சைக்கிளில் போய்வருகிறேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் மொட்டை போட்டேன். மார்ச்சில் டிங்கி (டெங்குக் காய்ச்சல்) வந்து ஐந்து நாள் மருத்துவமனையில் கிடந்தேன். ஜூனிலிருந்து முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது, வேரோடு வருகிறது. நெற்றியும் இரண்டு பக்கமும் ஏறியிருக்கிறது. அது இரண்டு மூன்று வருடமாகவே அப்படித்தான். அப்பாவுக்கு நாற்பதிலேயே வழுக்கை. லிட்டில் இந்தியாவில் 280 வெள்ளிக்கு (ரிங்கிட்) மூலிகை எண்ணெய் வாங்கித் தேய்க்கிறேன். நண்பன் சொல்லி பயோட்டின் மாத்திரையும் போடுகிறேன். காரணம் ஹெல்மெட்டா, தண்ணீரா? மறுபடி மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்கிறார் அம்மா. வரும் தை மாதம் எனக்குத் திருமணம்.
பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்

பதில்: தம்பி, நீங்கள் ஒரு பிரச்சினை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் படித்தவரை இரண்டு. ஜூனிலிருந்து கொட்டுவது ஒன்று, சில வருடமாக நெற்றி ஏறுவது இன்னொன்று. முதலாவது தானாக நின்றுவிடும். இரண்டாவது நிற்காது.

கொட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த டிங்கிதான். தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு வருடம் வளரும், பிறகு இரண்டு மூன்று மாதம் சும்மா இருக்கும், அப்புறம் விழும். சாதாரண நாளில் பத்தில் ஒன்பது பங்கு வளர்ந்துகொண்டிருக்கும். மீதியில்தான் தினமும் 50 முதல் 100 வரை உதிரும், யாரும் கவனிப்பதில்லை. நாலைந்து நாள் கடும் காய்ச்சல், கஞ்சிகூட இறங்காத வாய் என்று வந்துவிட்டால் உடம்பு உயிரைப் பார்க்குமா, முடியைப் பார்க்குமா? வளர்ந்துகொண்டிருந்ததில் ஒரு பெரும் பங்கு ஒரே சமயத்தில் வேலையை நிறுத்திவிடும். உங்களுக்கு நிறுத்தியது மார்ச்சில், விழுவது ஜூனில். காய்ச்சலை மறந்த பிறகு முடி கொட்டுவதால்தான் பழி ஹெல்மெட் மேல் போகிறது. பெரிய அறுவைச் சிகிச்சை, கோவிட், பட்டினி கிடந்து எடையைக் குறைப்பது, எல்லாவற்றுக்குப் பின்னும் இதே கதைதான்.

"வேரோடு வருகிறது" என்கிறீர்கள். கிளினிக்கில் நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம் அது. முடியை டிஷ்யூவில் மடித்து எடுத்து வருவார்கள். ஒருவர் மைலோ டின்னில் போட்டு மூடிக் கொண்டுவந்தார். ஒரு முடியை எடுத்துக் கறுப்புச் சட்டையின் மேல் வைத்துப் பாருங்கள். நுனியில் கடுகில் கால்வாசி அளவுக்கு வெள்ளையாக ஒரு குமிழ் தெரியும். அது வேர் இல்லை. ஓய்வு முடிந்து விழும் முடியின் அடி அப்படித்தான் இருக்கும். அதை வளர்த்த குழி தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. வெள்ளைக் குமிழோடு விழுந்த முடியின் இடத்தில் இன்னொன்று முளைத்துவிடும். கொட்டல் ஆரம்பித்து மூன்றிலிருந்து ஆறு மாதத்தில் அடங்கும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும் என்பதால், முதலில் விழுந்த இடங்களில் தைக்குள் ஐந்தாறு சென்டிமீட்டர் எதிர்பார்க்கலாம். மாப்பிள்ளை தலைக்கு அது தாராளம்.

இனி அப்பாவின் நெற்றிக்கு வருவோம். ஆண்களில் பெரும்பாலானவர்களுக்கு முடி போவது இந்த வழியில்தான். டெஸ்டோஸ்டெரோன் என்ற ஆண் ஹார்மோனை உடம்பு டிஎச்டி என்ற இன்னொரு ஹார்மோனாக மாற்றுகிறது. பரம்பரையாகவே அதைத் தாங்காத முடிக்குழிகள் சிலருக்கு நெற்றியோரத்திலும் உச்சியிலும் இருக்கும். அவை ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சுருங்கும். முடி மெலிந்து, குட்டையாகி, கடைசியில் பூனைமுடி மாதிரி ஆகிவிடும். பின்தலையில் உள்ள குழிகளுக்கு டிஎச்டியைப் பற்றிக் கவலையே இல்லை, அதனால்தான் எந்த வழுக்கைத் தலையிலும் பின்பக்கம் ஒரு வேலி மிஞ்சும். (என் தலையிலும் இப்போது அந்த வேலிதான் பாக்கி.) பருவமடையும் முன்பே விதை அகற்றப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதை 1942-இல் ஹாமில்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுதினார். ஹார்மோன்தான் காரணம் என்பதற்கு அது பெரிய சாட்சி. தாய்மாமன் தலையைப் பார் என்று நம் பெரியவர்கள் சொல்வது பாதி உண்மை. முக்கியமான ஒரு மரபணு அம்மா வழியில்தான் வருகிறது, ஆனால் அப்பா வழியிலும் பல வருகின்றன.

நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று நெற்றியோர முடியையும் காதுக்குப் பின்னால் உள்ள முடியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முன்னால் தடித்ததும் மெலிந்ததும் கலந்து, பின்னால் எல்லாம் ஒரே தடிமனாக இருந்தால் இது பரம்பரை வழுக்கை.

இதற்கு நிரூபணமான மருந்து என்று நான் கையெழுத்துப் போடுவது இரண்டுக்குத்தான். மினாக்ஸிடில் முதலில் ரத்த அழுத்த மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்து அதைத் தலையில் தடவும் மருந்தாக்கினார்கள். அமெரிக்காவில் 1988-இல் அனுமதி கிடைத்தது. ஆண்களுக்கு 5 சதவீதக் கரைசல், ஒரு மில்லி, காலையிலும் இரவிலும். முடியில் தடவிப் பயனில்லை, உலர்ந்த தோலில் படவேண்டும். முதல் சில வாரத்தில் இன்னும் அதிகமாகக் கொட்டலாம், பயந்து நிறுத்திவிடாதீர்கள். பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம் பிடிக்கும். ஆகவே தொடங்குவதென்றால் இப்போதே தொடங்குங்கள், மார்கழியில் அல்ல. நிறுத்தினால் வந்தது சில மாதத்தில் போய்விடும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். படபடப்பு, தலைசுற்றல் வந்தால் நிறுத்திவிட்டு வாருங்கள். வீட்டில் பூனை இருந்தால் கவனம், அந்தக் கரைசல் பூனைக்கு விஷம்.

இரண்டாவது ஃபினாஸ்டெரைட், தினம் 1 மில்லிகிராம் மாத்திரை. டிஎச்டி உருவாவதையே குறைக்கும். நெற்றி மேலும் ஏறாமல் நிறுத்துவதில் இதுதான் பலமானது. சிலருக்கு, சதவீதத்தில் குறைவுதான், ஆசை குறைவதும் விறைப்புக் குறைவதும் வரும். மனம் சோர்வதையும் சிலர் சொல்கிறார்கள். புதுமாப்பிள்ளையிடம் இதை மறைத்து எழுதித் தரும் டாக்டர் நல்ல டாக்டர் இல்லை. குழந்தை பற்றிய யோசனையையும் டாக்டரிடம் சொல்லுங்கள். உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக்கூடாது. மருந்துச் சீட்டோடு மட்டும் வாங்குங்கள், கைப்பேசியில் ஆர்டர் போட்டு வேண்டாம். உங்கள் நிலைமையில் நானாக இருந்தால் முதலில் மினாக்ஸிடிலைத் தொடங்கிவிட்டு, மாத்திரையைத் திருமணத்துக்குப் பிறகு நிதானமாகப் பேசியிருப்பேன்.

முடி நடுவது, அதாவது பின்தலை வேலியிலிருந்து எடுத்து முன்னால் வைப்பது, நன்றாகவே பலிக்கும். ஆனால் 31 வயதில், இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் நெற்றியில் அவசரப்பட்டு நட்டால் நட்டது நிற்கும், அதற்குப் பின்னால் உள்ளது போய்விடும். நடுவில் ஒரு தீவு மாதிரி ஆகும்.

நாணயம் வைத்த மாதிரி வட்டமாக, வழவழவென்று முடி போயிருந்தால் அது புழுவெட்டு. புழுவும் இல்லை, வெட்டும் இல்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் முடியையே தாக்குவது. அதற்கு ஊசி இருக்கிறது, வெங்காயம் தேய்த்துத் தோலைப் புண்ணாக்க வேண்டாம். செதிலும் அரிப்புமாக முடி முறிந்திருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். ஜிம்மில் யாராவது தசை வளர ஹார்மோன் ஊசி போட்டுவிட்டிருந்தால் அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள், அந்த ஹார்மோன் நெற்றியை வேகமாக ஏற்றும். கொட்டல் கார்த்திகை தாண்டியும் நிற்கவில்லை என்றால் ரத்த எண்ணிக்கை, இரும்புச் சேமிப்பு, தைராய்டு மூன்றும் பார்க்கவேண்டும். ஆணுக்கு இரும்பு குறைந்திருந்தால் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட முடியாது. ரத்தம் எங்கே போகிறது, மூலமா, குடலா என்று தேடவேண்டும். அந்தப் பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள், தைராய்டு முடிவையே அது தவறாகக் காட்டும். உங்கள் வயதில் பயோட்டின் குறைவது அபூர்வம், நண்பனின் அக்கறைக்கு நன்றி சொல்லிவிட்டு விட்டுவிடலாம்.

ஹெல்மெட் முடியைப் பிடுங்காது. ஈரத் தலையோடு மாட்டினால் வியர்வையில் பொடுகு பிடிக்கும், அவ்வளவுதான். குழாய்த் தண்ணீரும் குற்றவாளி இல்லை. மொட்டைக்கும் முடி எண்ணிக்கைக்கும் சம்பந்தம் கிடையாது. சவரக்கத்தி தோலுக்கு மேலேதான் வேலை செய்கிறது. வெட்டிய நுனி மழுங்கி இருப்பதால் முளைக்கும்போது தடிப்பாகத் தெரியும், ஒரு மாதத்தில் அந்தத் தோற்றம் போய்விடும். நேர்த்திக்கடன் என்றால் போடுங்கள், அது உங்களுக்கும் முருகனுக்கும் உள்ள விஷயம். திருமணமும் தையில், மொட்டையும் தையில் என்றால் பெண் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த 280 வெள்ளி எண்ணெய். டிங்கியால் கொட்டியது ஐப்பசி வாக்கில் நின்று புதுமுடி முளைக்கும். அப்போது பேர் எண்ணெய்க்குப் போகும். நீங்களே நாலு பேருக்குச் சொல்வீர்கள், கடைக்காரர் பொய்யே சொல்லவேண்டியதில்லை. நெற்றி ஏறுவது மட்டும் ஓசையில்லாமல் தொடரும். எண்ணெய் முடியை மினுக்கும், அதற்காகத் தேய்ப்பதில் தவறில்லை. முடி வளர்க்கும் மருந்து என்றே விற்றிருந்தால் மலேசிய சுகாதார அமைச்சின் 'எம்ஏஎல்' பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் போத்தலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்றே மூன்று படம் எடுத்து வையுங்கள்: முன்நெற்றி, உச்சி, பின்தலை. முடி உலர்ந்திருக்கட்டும், அதே அறை, அதே விளக்கு. தீபாவளிக்கு மறுபடி மூன்று எடுத்து, ஆறையும் பக்கத்துக் கிளினிக்கில் காட்டுங்கள். முடியை டின்னில் போட்டுக் கொண்டுபோக வேண்டியதில்லை.