சுயேச்சையாக நிற்கப்போகும் தொழிலதிபருக்கு: கேள்வி பதில்

வேட்பாளர்களுக்கு மனு எழுதிக்கொடுத்தும், பரிசீலனையில் உடன் இருந்தும் பழகியவன் என்ற முறையில், தொழிலதிபரின் ஊழியர்கள் கேட்டவற்றுக்குப் பதில் தருகிறேன்.

கேள்வி: எங்கள் முதலாளி பல ஆண்டுகளாகக் கல்வி உதவி, மருத்துவ முகாம் என்று செய்துவருகிறார். அந்த நல்ல பெயர் ஓட்டாக மாறாதா?

பதில்: தானாக மாறாது. 2009 மக்களவைத் தேர்தலில் ஏர் டெக்கான் விமான நிறுவனத்தைத் தொடங்கிய கேப்டன் கோபிநாத் பெங்களூரு தெற்கிலும், வங்கித் துறையில் உயர்பொறுப்பு வகித்த மீரா சன்யால் தெற்கு மும்பையிலும் சுயேச்சையாக நின்றார்கள். இருவருமே தோற்றார்கள். 2014 தேர்தல் சமயத்தில் இருவரும் ஆம் ஆத்மி கட்சியில் சேர்ந்திருந்தார்கள். தகுதியில் குறை இல்லை, ஆள்பலத்தில்தான் குறை. தமிழகத்தில் ஒரு சட்டமன்றத் தொகுதி என்றால் முந்நூறை ஒட்டி வாக்குச்சாவடிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் விடியற்காலையிலேயே வந்து உட்கார, அந்தத் தெருவின் வாக்காளர்களை முகம் பார்த்து அறிந்த முகவர் வேண்டும். கட்சிகளுக்கு அவர் அங்கேயே குடியிருக்கிறார். உங்கள் முதலாளி இன்றே தேடத் தொடங்க வேண்டும்.

கேள்வி: மனுத் தாக்கலில் எங்கே சறுக்கும்?

பதில்: முன்மொழிபவர்களில். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர். பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். ஒருமுறை பரிசீலனை மேசையில் பட்டியலைப் புரட்டியபோது, பத்தாவது ஆளின் வீடு சாலைக்கு எதிர்ப்புறம், அதாவது அடுத்த தொகுதியில் இருந்தது. மனு தள்ளுபடி. அந்த வேட்பாளர் தலையைக் குனிந்துகொண்டு வெளியேறியது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரே தொகுதிக்கு நான்கு மனுக்கள் வரை தரலாம். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பத்துப் பேரைப் பிடியுங்கள்.

கேள்வி: டெபாசிட் எவ்வளவு?

பதில்: மக்களவைக்கு 25,000 ரூபாய், சட்டமன்றத்துக்கு 10,000. பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்குப் பாதி. செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காமல் தோற்றால் பணம் திரும்பாது.

கேள்வி: தேர்தல் நேரத்தில் அறக்கட்டளைப் பணிகளைத் தொடரலாமா?

பதில்: இதில் கெஞ்சிக் கேட்கிறேன், கவனமாக இருங்கள். வாக்குக்காகப் பொருளோ பணமோ கொடுத்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இன் 123-ஆவது பிரிவின்படி அது லஞ்சம். வென்ற பிறகும் தேர்தலே செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொல்லலாம். வேட்பாளர் படம் போட்ட புத்தகப் பையை ஒரு குழந்தை தோளில் மாட்டிக்கொண்டு போனாலே எதிர்த்தரப்புக்கு ஆதாரம் கிடைத்துவிடும். அறக்கட்டளைப் பொறுப்பிலிருந்து முன்கூட்டியே விலகச் சொல்லுங்கள். அதன் வண்டி, ஊழியர், பணம் எதையும் பிரசாரத்துக்குத் தொடக்கூடாது. அவர் பெயரில் அரசுடன் நடப்பில் உள்ள ஒப்பந்தம் இருந்தால் அது தகுதியிழப்பு ஆகுமா என்று, அதே சட்டத்தின் 9அ பிரிவையும் வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: சின்னம்?

பதில்: சுயேச்சைகளுக்கான பட்டியலிலிருந்து மூன்றை விருப்ப வரிசையில் எழுத வேண்டும். வாக்குப்பதிவு இயந்திரத்தில் கட்சிக்காரர்களுக்குக் கீழேதான் பெயர் வரும். வேட்பாளர்கள் அதிகமானால் இரண்டாவது இயந்திரத்துக்கே போய்விடும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பாட்டிக்கும் பார்த்தவுடன் பிடிபடும் சின்னமாகக் கேளுங்கள்.

கேள்வி: ஜெயித்த பிறகு ஆளுங்கட்சியில் சேர்ந்தால் தொகுதிக்கு நல்லதுதானே?

பதில்: சேர்ந்தால், கட்சித் தாவலைத் தடுக்கும் அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணைப்படி பதவி போய்விடும். வெளியிலிருந்து ஆதரவு தரலாம். 2024-இல் மக்களவைக்கு வென்ற சுயேச்சைகள் 7 பேர்தான். அப்படி அரிதாகக் கிடைக்கும் இடத்தை, தனித்து நிற்பேன் என்று சொல்லி ஓட்டு வாங்கியவர் விட்டுக்கொடுக்கக்கூடாது என்பது என் எண்ணம்.