இறக்கிக்கொண்ட பிறகு பணத்தைத் திரும்பப் பிடித்தால்: வாசகர் கேள்வி–பதில்

மின்னூல், பின்னல் படிவம், காணொளி வகுப்பு என்று கையில் எடுத்துக் கொடுக்க முடியாத பொருள்களை இணையத்தில் விற்பவர்கள் குமரி மாவட்டத்தில் பெருகியிருப்பதை அண்மையில் வந்த கடிதங்கள் காட்டுகின்றன. அவற்றில் பணத் தகராறு பற்றியவற்றுக்கு மட்டும் இந்த இதழில் பதில் தருகிறேன்.

கேள்வி (முளகுமூட்டிலிருந்து ஒரு வாசகி): எங்கள் பகுதியில் தலைமுறைகளாக லேஸ் பின்னுகிறோம். அந்தப் பின்னல் படிவங்களை நான் பிடிஎஃப் கோப்புகளாக்கி, என் இணையதளத்தில் வெளிநாட்டினருக்கு விற்கிறேன். அமெரிக்காவைச் சேர்ந்த ஒருவர் 42 டாலருக்கு ஒரு தொகுப்பை வாங்கி அன்றே இறக்கிக்கொண்டார். இரண்டரை மாதம் கழித்து, சார்ஜ்பேக் (வாங்கியவரின் வங்கி பணத்தைத் திரும்பப் பிடிப்பது) வந்திருப்பதாகவும் ஏழு நாளுக்குள் ஆவணங்களை அனுப்ப வேண்டும் என்றும், என் தளத்துக்குப் பணம் வாங்கித்தரும் நிறுவனமான பேமென்ட் கேட்வேயிலிருந்து மின்னஞ்சல் வந்தது. 42 டாலரையும் அதற்கு மேல் ஒரு கட்டணத்தையும் என் கணக்கில் பிடித்துவிட்டார்கள். இதை எதிர்க்க முடியுமா?

பதில்: முடியும். ஏழு நாளை ஐந்து நாளாகவே எண்ணிக்கொண்டு இன்றே தொடங்குங்கள். கெடு கடந்த பிறகு எவ்வளவு வலுவான ஆவணத்தை அனுப்பினாலும் பயன் இல்லை. நீங்கள் பதில் தராமல் இருந்ததையே ஒப்புதலாகக் கொண்டு தகராறை முடித்துவிடுவார்கள்.

பணத்தை எடுத்தவர் யார் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வாங்கியவர் தமக்கு அட்டை கொடுத்த வங்கியிடம் முறையிட்டிருக்கிறார். அந்த வங்கி, விசா அல்லது மாஸ்டர்கார்டு போன்ற அட்டை நிறுவனத்தின் விதிகளின்படி பணத்தைத் திருப்பிப் பிடித்திருக்கிறது. அந்தப் பிடித்தம் உங்கள் தரப்பு வங்கி வழியாகக் கேட்வேக்கும், அங்கிருந்து உங்கள் கணக்குக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் கடன் அட்டை வைத்திருப்பவருக்கு இந்த உரிமையை உறுதிசெய்தது 1974-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டம். பொருளை அனுப்பாமலே பணத்தை விழுங்கிய கடைகளிடமிருந்து எத்தனையோ பேரைக் காத்த ஏற்பாடு அது என்பதால், உங்களுக்கு நேர்ந்த இழப்பை அறிந்தும், அந்த முறையையே அநியாயம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பெரும்பாலான காரணங்களுக்கு 120 நாள் வரை முறையிட அட்டை நிறுவனங்களின் விதி இடம் தருவதால், இரண்டரை மாதம் கழித்து வந்த முறையீடும் செல்லத்தக்கதே.

தோவாளைச் சந்தையில் ஒருவர் பூவை நிறுத்துக் கொடுக்கும்போது பக்கத்துக் கடைக்காரர் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு வழக்கு வந்தால் சாட்சிக்கு ஆள் உண்டு. கோப்பு கைமாறும்போது உடன் இருப்பவர் எவரும் இல்லை. அந்த அமெரிக்க வங்கியின் ஊழியருக்கு உங்களையும் தெரியாது, முளகுமூட்டையும் தெரியாது. நீங்கள் அனுப்பும் சில பக்கங்கள்தாம் அவருக்குத் தெரியப்போகும் உண்மை முழுவதும்.

ஆகவே, மின்னஞ்சலில் என்ன காரணம் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். உங்கள் பதில் அந்தக் காரணத்துக்கு மட்டுமே உரியதாக இருக்க வேண்டும். விசாவின் காரண எண் 13.1 என்றால் பொருள் வந்து சேரவில்லை என்ற முறையீடு. இறக்கிய நாள், நேரம், ஐபி முகவரி (இறக்கியவரின் இணைய இணைப்புக்கு உரிய எண்), கோப்பின் பெயர், இணைப்பை அனுப்பிய மின்னஞ்சல் ஆகியவை இதற்குப் போதிய சான்று. 13.3 என்றால் விவரித்தபடி பொருள் இல்லை என்ற முறையீடு. இதற்கு இறக்கிய பதிவைக் காட்டுவதில் பயனில்லை. வாங்கிய நாளில் உங்கள் விற்பனைப் பக்கம் எப்படி இருந்தது என்பதையும், கோப்பில் அதே படிவங்கள் இருப்பதையும் அருகருகே வைத்துக் காட்ட வேண்டும். 10.4 என்றால், இந்த அட்டையை நான் பயன்படுத்தவே இல்லை என்று அட்டைக்காரர் சொல்கிறார்.

மூன்றிலும் கடினமானது இந்தக் கடைசிக் காரணம்தான். இந்திய அட்டையால் உள்நாட்டில் செலுத்தும்போது ஓடிபி போன்ற இரண்டாம் சரிபார்ப்பு இருப்பதால், 'நான் செலுத்தவில்லை' என்ற முறையீட்டின் பொறுப்பு பெரும்பாலும் அட்டை கொடுத்த வங்கியின் தலையிலேயே விழும். வெளிநாட்டு அட்டைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால், அத்தகைய சரிபார்ப்பு நடக்காத விற்பனையில் பொறுப்பு உங்களுடையதாகிவிடுகிறது. ஆனால் அவர் உங்களிடம் பலமுறை வாங்கியவராக இருந்தால் வழி உண்டு. 2023 ஏப்ரல் முதல் விசா நடைமுறைப்படுத்திய விதியின்படி, அதே அட்டையால், முறையீட்டு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 120 நாளுக்கு முன்பும் 365 நாளுக்கு உள்ளேயும் நடந்த, தகராறு எழாத இரண்டு விற்பனைகளைக் காட்ட வேண்டும். அவற்றிலும் இதிலும் ஐபி முகவரி அல்லது சாதன அடையாளம் ஒன்றும், பயனர் கணக்கு போன்ற வேறொரு விவரமும் ஒத்திருந்தால், பொறுப்பு மீண்டும் அந்த வங்கிக்கே செல்லும். பழைய ஆர்டர்களை உடனே தேடிப் பாருங்கள்.

பதிலை ஆங்கிலத்தில், ஒரு பக்கக் கடிதமாக எழுதி, சான்றுகளுக்கு எண்ணிட்டு இணையுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் என் மின்னூல் ஒன்றுக்கு வந்த தகராறில் நான் இருபது பக்க வாட்ஸ்அப் உரையாடலைத் தமிழிலேயே, வரிசையின்றி அனுப்பித் தோற்றேன். உண்மை என் பக்கம் இருந்தும் அதைப் படிக்கத்தக்க வடிவில் நான் கொடுக்கவில்லை. நேரத்தைக் குறிக்கும்போது இந்திய நேரமா, வாங்கியவரின் ஊர் நேரமா என்பதை எழுதிவிடுங்கள். நள்ளிரவை ஒட்டிய விற்பனையில் தேதியே மாறித் தெரிந்து சான்று வலுவிழக்கும். சான்றுக்காக வாங்கியவரிடம் அட்டையின் படத்தைக் கேட்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதை ஒருபோதும் செய்யாதீர்கள். பரிவர்த்தனை எண் போதும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வாங்கியவர் இப்போது உங்களுக்கு எழுதி வருத்தம் தெரிவித்தாலும், தகராறு நடந்துகொண்டிருக்கும்போது நீங்கள் தனியாக ரீஃபண்ட் அனுப்பாதீர்கள். வங்கி பிடித்த பணமும் நீங்கள் அனுப்பிய பணமும் சேர்ந்து இருமுறை போய்விடும். அவர் உண்மையாகவே வருந்தினால், முறையீட்டைத் திரும்பப் பெறுவதாகத் தம் வங்கிக்கு எழுதட்டும். அந்தக் கடிதத்தின் நகலை நீங்களும் சான்றாகச் சேர்த்துவிடுங்கள்.

தோற்றால் மேல்முறையீடு உண்டு. ஆனால் இறுதி நடுவர் நிலையின் கட்டணம் நூற்றுக்கணக்கான டாலர் ஆகும் என்பதால் 42 டாலருக்காக அங்கே போக நான் சொல்லமாட்டேன். அதைவிட, இது ஏன் நேர்ந்தது என்று பாருங்கள். கடையின் பெயர் ஒன்றாகவும், கேட்வேயில் பதிந்த பெயர் அப்பாவின் பழைய வியாபாரப் பெயராகவும் இருக்கும் வீடுகள் நம் மாவட்டத்தில் பல. மாத இறுதியில் தம் அட்டைக் கணக்கைப் பார்க்கும் அமெரிக்கப் பெண்மணிக்கு அந்தப் பெயர் லேஸை நினைவூட்டாது. தெரியாத யாரோ பணம் எடுத்துவிட்டதாக நினைத்து அவர் நேர்மையாகவே முறையிட்டிருக்கலாம். அட்டைக் கணக்கில் கடைப் பெயரே தெரியும்படி மாற்றித்தரக் கேட்வேயிடம் கேளுங்கள். ரசீது மின்னஞ்சலிலும் அந்தப் பெயரை எழுதி, சிக்கல் இருந்தால் முதலில் உங்களுக்கு எழுதும்படி ஒரு முகவரியும் கொடுங்கள்.

கேள்வி (மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர்): தேனீ வளர்ப்பு பற்றிய 12 காணொளிகளை 2,499 ரூபாய்க்கு விற்கிறேன். ராமநாதபுரத்தைச் சேர்ந்த ஒருவர் ஒன்பது காணொளிகளைப் பார்த்துவிட்டு, தம் ஊருக்கு இவை பயன்படாது என்று பணத்தைத் திரும்பக் கேட்கிறார். தராவிட்டால் வங்கியிலும் நுகர்வோர் ஆணையத்திலும் புகார் செய்வாராம். பார்த்து முடித்தவருக்கு நான் ஏன் தர வேண்டும்?

பதில்: உங்கள் ஆதங்கம் புரிகிறது. இணையத்தில் வாங்கியதைக் காரணமின்றித் திருப்பித் தரும் பொதுவான உரிமை எதையும் நம் நாட்டுச் சட்டம் வாங்குபவருக்குத் தரவில்லை என்பதும் உண்மை. ஆனால் காரணம் இருக்கும்போது நிலைமை வேறு. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் டிஜிட்டல் பொருள்களுக்கும் பொருந்தும் என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. பொருளோ சேவையோ குறையுடையதாகவோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாததாகவோ இருந்தால் பணத்தைத் திருப்பித்தர மறுக்கக் கூடாது என்பது அவற்றின் சாரம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற ஒரு வரியை இணையதளத்தில் எழுதிவைப்பதால் அந்தக் கடமை நீங்கிவிடாது.

ஆகவே அவர் எத்தனை காணொளிகளைப் பார்த்தார் என்பதைவிட, நீங்கள் என்ன சொல்லி விற்றீர்கள் என்பதே முதன்மையான கேள்வி. உங்கள் விற்பனைப் பக்கத்தின் நகலைக் கடிதத்தோடு அனுப்பியிருந்தீர்கள். அதில் 'தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் தேனீ வளர்க்கலாம்' என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. பாடப் பட்டியலிலோ, தேனீப் பெட்டிகளின் எண்ணிக்கையைப் பெருக்குவது முதல் தேன் எடுப்பது வரை எல்லாமே ரப்பர் தோட்டத்தின் காலக்கணக்கைப் பின்பற்றி அமைந்திருக்கிறது. ரப்பர் மரம் இலை தளிர்க்கும் ஆண்டுத் தொடக்கத்து மாதங்கள்தாம் உங்களுக்குத் தேன் காலம். தமிழ்நாட்டில் ரப்பர் தோட்டங்களின் பெரும்பகுதி குமரி மாவட்டத்தில்தான் இருக்கிறது. பனையும் கருவேலும் நிறைந்த ராமநாதபுரத்தில் இருப்பவர் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அவர் ஒன்பது காணொளிகள் வரை பொறுமையாகப் பார்த்தது, தமக்கு உரிய பாடம் அடுத்ததிலாவது வரும் என்ற நம்பிக்கையால் இருக்கலாம்.

பணத்தை முழுமையாகத் திருப்பித் தந்துவிடுங்கள் என்பதே என் கருத்து. மிரட்டலுக்குப் பணிந்து கொடுப்பதாக எண்ண வேண்டாம். உங்கள் விளம்பரம் சொன்னதை உங்கள் பாடம் தரவில்லை. அவர் செலுத்திய வழியிலேயே கேட்வே மூலம் அனுப்பி, ரீஃபண்ட் எண்ணைக் குறித்து ஒரு மின்னஞ்சல் எழுதிவிடுங்கள். அதற்குப் பிறகும் முறையீடு வந்தால் அந்த மின்னஞ்சலும் எண்ணுமே போதிய சான்று. பிறகு விற்பனைப் பக்கத்தில், 'ரப்பர் தோட்டப் பகுதிகளுக்கான பாடம்' என்று தலைப்பிலேயே எழுதி, முதல் காணொளியை இலவசமாகப் பார்க்க விடுங்கள். குமரியிலும் எல்லைக்கு அப்பால் கேரளத்திலும் உங்களுக்கு உரிய மாணவர்கள் நிறையவே இருக்கிறார்கள்.

எல்லாரும் இந்த ராமநாதபுரத்துக்காரர் போலவே இருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. விளம்பரம் தெளிவாக இருந்து, 12 காணொளிகளையும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கேட்பவருக்கு மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. எந்தக் காணொளியை எந்த நாளில் எவ்வளவு நேரம் பார்த்தார் என்ற பதிவு அப்போதுதான் உங்களுக்கு உதவும். ஆகவே அதை அழித்துவிடாதீர்கள்.

கேள்வி (தக்கலையிலிருந்து ஒரு வாசகர்): யுபிஐ-யில் பணம் செலுத்திவிட்டதாக வாடிக்கையாளர் ஸ்க்ரீன்ஷாட் அனுப்புகிறார், என் கணக்கில் வரவில்லை. கோப்பை அனுப்பலாமா?

பதில்: வரவு தெரியாமல் அனுப்பாதீர்கள். ஸ்க்ரீன்ஷாட்டைப் போலியாகவும் செய்யலாம். அவர் சொல்வது உண்மையானால் அவர் பணம் எங்கும் போய்விடாது என்பதையும் அன்போடு விளக்குங்கள். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, கடைக்குச் செலுத்தும் யுபிஐ பணம் வாங்குபவர் கணக்கில் பிடிக்கப்பட்டு, கடைக்கு உறுதி வராமல் போனால், ஐந்து நாளுக்குள் தானாகவே திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் இழப்பீடு அவருக்கு உண்டு. முறையீட்டை அவர் தம் யுபிஐ செயலியிலேயே பதிவுசெய்யலாம்.

கேள்வி (குளச்சலிலிருந்து ஒரு வாசகி): என் மின்னூலின் விலை 150 ரூபாய். ஒருவர் 15,000 ரூபாய் அனுப்பிவிட்டு, தவறுதலாக அனுப்பியதாகவும் மீதியைத் தம் நண்பரின் எண்ணுக்கு அனுப்பும்படியும் அழுத்துகிறார். என்ன செய்வது?

பதில்: அந்த எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அந்தப் பணம் வேறொருவரிடம் திருடப்பட்டதாக இருக்கலாம். பறிகொடுத்தவர் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் செய்தவுடன், பணம் சென்ற கணக்குகளையெல்லாம் வங்கிகள் முடக்கும். அதில் உங்கள் கணக்கும் சிக்கும், நீங்கள் நண்பருக்கு அனுப்பிய பணமும் திரும்பாது. உங்கள் வங்கிக் கிளைக்கு இன்றே எழுத்து மூலம் தெரிவித்து, பணம் வந்த கணக்குக்கே வங்கி வழியாகத் திருப்பியனுப்பச் சொல்லுங்கள். கடிதத்தின் நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி (நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகர்): ஒரே இரவில் என் 80 ரூபாய் கோப்புக்கு 60-க்கும் மேற்பட்ட ஆர்டர்கள், வெவ்வேறு வெளிநாட்டு அட்டைகளிலிருந்து வந்தன. பாதிக்கு மேல் தோல்வியடைந்தன. மகிழ்ச்சியடைவதா என்று தெரியவில்லை.

பதில்: இவை வாங்க வந்தவர்கள் செய்த ஆர்டர்கள் அல்ல. திருடிய அட்டை எண்களில் எவை இன்னும் செல்லுபடியாகின்றன என்று சோதிக்க, விலை குறைவான, உடனே கிடைக்கும் பொருளை விற்கும் சிறு கடைகளையே திருடர்கள் தேடுவார்கள். நிறைவேறிய ஆர்டர்கள் ஒவ்வொன்றும் சில வாரங்களில் சார்ஜ்பேக்காக வரலாம். 80 ரூபாய்க்குப் பல மடங்கு கட்டணம் உங்களிடம் பிடிக்கப்படும். மொத்த விற்பனையில் தகராறுகளின் விகிதத்தை அட்டை நிறுவனங்கள் கண்காணிப்பதால், அது உயர்ந்தால் கேட்வே உங்கள் கணக்கையே நிறுத்தலாம்.

எந்த அட்டைக்கும் தகராறு இன்னும் பதிவாகாத இப்போதே, நிறைவேறிய ஆர்டர்கள் அனைத்துக்கும் நீங்களாகவே ரீஃபண்ட் கொடுத்துவிட்டுக் கேட்வேக்குத் தெரிவியுங்கள். வெளிநாட்டு அட்டைகளுக்கும் கூடுதல் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கும் அமைப்பு கேட்வேயில் இருந்தால் அதை இயக்குங்கள். ஒரே ஐபி முகவரியிலிருந்து ஒரு மணி நேரத்தில் இத்தனை முயற்சிகள்தாம் என்று வரம்பு வையுங்கள். பணம் செலுத்தும் பக்கத்தில், இயந்திர நிரல்களைத் தடுக்கும் கேப்ச்சா சோதனையைச் சேருங்கள். வெளிநாட்டில் உங்களுக்கு வாடிக்கையாளரே இல்லையென்றால், வெளிநாட்டு அட்டைகளை ஏற்பதையே இன்று இரவுக்குள் நிறுத்திவிடுங்கள். திறந்திருக்கும் கடைக்குத்தான் அந்தத் திருடர்கள் மறுநாளும் வருவார்கள்.