உலகின் பெயர்பெற்ற வைன், சைடர் தயாரிப்பாளர்கள் யார்?

நுவரெலியாவில் ஹோட்டல் பணிக்குப் பயிற்சி பெறும் ஒருவர், விருந்தினருக்கு விளக்குவதற்காக எந்தெந்தத் தயாரிப்பாளர்களை முதலில் அறிந்திருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

நான் முதலில் சொல்வது அவுஸ்திரேலியாவின் பென்ஃபோல்ட்ஸ். 1844இல் அடிலெய்ட் அருகே தொடங்கப்பட்ட இந்நிறுவனத்தில், பிரான்சின் போர்தோ பகுதியைப் பார்த்துத் திரும்பிய அதன் வைன் தயாரிப்பு நிபுணர் மேக்ஸ் ஷுபர்ட், நெடுங்காலம் முதிரக்கூடிய சிவப்பு வைன் ஒன்றை உருவாக்க முனைந்து, 1951இல் ‘கிரேஞ்ச்’ வைனைச் சோதனையாகத் தயாரித்தார். ருசித்தவர்கள் குறை கூறவே, 1957இல் உற்பத்தியை நிறுத்துமாறு நிர்வாகம் உத்தரவிட்டது. அவரோ மறைவாகத் தொடர்ந்தார். முன்னர் செய்தவை முதிர்ந்து சுவை கூடியபின், 1960இல் மீண்டும் அனுமதி கிடைத்தது. வைனுக்குக் காலம் எவ்வளவு முக்கியம் என்பதை விளக்க இதைவிடச் சிறந்த வரலாறு எனக்குத் தெரியவில்லை.

போர்தோவின் ஷாத்தோ மார்கோ, அப்பகுதி வைன்களுக்கான 1855ஆம் ஆண்டுத் தரவரிசையிலேயே முதல் நிலை பெற்றது. சிலியின் கொஞ்சா இ தோரோ 1883இல் தொடங்கியது; நமக்கு அருகில், இந்தியாவின் நாசிக்கில் சுலா இருக்கிறது.

ஆப்பிள் சாற்றை நொதிக்கவைத்துச் செய்யும் சைடரில், இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்து ஆஸ்பால் 1728 முதலும், ஹெரிஃபோர்டின் புல்மர்ஸ் 1887 முதலும் அறியப்படுகின்றன. ஹெரிஃபோர்ட் பகுதியில் இதற்கென்றே வளர்க்கப்படும் பல ஆப்பிள்களில் துவர்ப்புத் தரும் டானின் மிகுதி என்பதால், கடித்தால் சாயம் கூடிய பிளேன்டீ குடித்ததுபோல நாக்கு வறளும். அந்தத் துவர்ப்பே சைடருக்கு வாயில் உணரும் கனத்தைத் தருகிறது. இது நொதித்த மதுபானம் என்பதை விருந்தினரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.