தினம் அரை மணி நேரம் மட்டும் ஆடுகிறவருக்கு ரூன்ஸ்கேப் ஒத்து வருமா?

கேள்வியின் கீழே நீங்கள் எழுதியிருந்த விவரத்தையும் படித்தேன். வேலை, வீடு என்று இருக்கிறீர்கள், ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் கிடைப்பதில்லை, "இப்படி ஆடினா எந்த லெவலுக்கும் வர முடியாது, அதுக்குச் சும்மா இருக்கலாம்" என்று நண்பர்கள் சொல்கிறார்கள், விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டிலும் யாராவது "எந்நேரமும் போனா?" என்று கேட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் இதை இங்கே வந்து கேட்டிருக்க மாட்டீர்கள். விடாதீர்கள். ரூன்ஸ்கேப் என்பது பல பேர் ஒரே உலகத்தில் சேர்ந்து ஆடும் இணைய கேம். அதன் பழைய வடிவமான ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பை நான் நாலு வருஷம் துண்டு துண்டாகத்தான் ஆடினேன், ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்த நாட்கள் ரொம்பக் குறைவு. ஆனாலும் அது எனக்கு எவ்வளவு உதவியது என்று எனக்குத் தெரியும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கீழே யாராவது வந்து ரம்மி, தற்கொலை என்று ஆரம்பிப்பார்கள். காசு கட்டி ஆடும் ஆட்டங்கள் வேறு, அவற்றை 2025இல் மத்திய அரசே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது, அது சரிதான் என்பதுதான் என் கருத்தும். இது பணம் வைத்து ஆடுவதில்லை. மாதச் சந்தா கட்டினால் பெரிய உலகம் திறக்கும், கட்டாமலும் ஒரு பகுதியை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் ஆடலாம். நான் இன்றுவரை ஒரு ரூபாய் கட்டியதில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டு ஆடலாம் என்றும் நான் சொல்லவில்லை. கேட்டவர் வேலைக்குப் போகிறவர், அவருக்குத்தான் இந்தப் பதில்.

என் கதை 2007இல் தொடங்குகிறது. காரைக்குடியில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தேன், பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர், மணிக்கு 20 ரூபாய். அங்கே சேர்ந்த ஒரு கூட்டாளிதான் ரூன்ஸ்கேப்பைக் காட்டினான். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இருக்கும் ஜாகெக்ஸ் என்ற கம்பெனி நடத்துவது, 2001 ஜனவரியில் தொடங்கியது, அப்போது எதையும் இறக்கி நிறுவ வேண்டியதில்லை, பிரவுசரிலேயே ஓடியது. சென்டரில் இருந்த பழைய கம்ப்யூட்டருக்கு அது ஒன்றுதான் ஒத்து வந்தது. டீக்காசு மிச்சம் பிடித்து வாரம் இரண்டு மணி நேரம் ஆடுவேன். மரம் வெட்டி, மீன் பிடித்து, கொல்லன் பட்டறையில் இரும்பு அடித்து, மூன்று மாதத்தில் அடமன்ட் என்ற உலோகத்தில் செய்த கவசம் ஒரு செட்டு வாங்கினேன். பச்சை நிறம், எனக்கு ரொம்பப் பிடித்தது.

அதை ஒரே நிமிஷத்தில் இழந்தேன். கேமுக்குள் இருக்கும் வாராக் ஊர் பேங்க் வாசலில் ஒருவர் "கவசத்துக்கு இலவசமாகத் தங்கக் கரை போட்டுத் தருகிறேன்" என்று கத்திக்கொண்டிருந்தார். நம்பிக் கொடுத்தேன். கொடுக்கல் வாங்கல் பண்ணும்போது, சம்மதமா என்று அந்த கேம் இரண்டு தடவை கேட்கும், இரண்டு தடவையும் நானேதான் சம்மதம் கொடுத்தேன். வாங்கினவர் அப்படியே மறைந்துவிட்டார். பொருளுக்குக் கரை போட்டுத் தருவது என்ற வேலையே அந்த கேமில் கிடையாது என்று அப்புறம்தான் கூட்டாளி சொன்னான். 20 ரூபாய்க் கணக்கில் பார்த்தால் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் போன மாதிரி, அன்றைக்கு என் மாதச் செலவே அவ்வளவுதான். 2008 தொடக்கத்தில், ஒரு பக்கம் அதிகமாகவும் மறு பக்கம் குறைவாகவும் இருக்கும் பரிமாற்றத்துக்கே ஜாகெக்ஸ்காரர்கள் கட்டுப்பாடு போட்டார்கள். கேமுக்குள் இருக்கும் தங்கத்தை நிஜக் காசுக்கு விற்பவர்களைத் தடுக்கத்தான் அது. 2011இல் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். எனக்கு அதெல்லாம் தெரியவே தெரியாது, கவசம் போன மறுவாரமே நான் விட்டுவிட்டேன்.

அப்புறம் பதின்மூன்று வருஷம் அந்தப் பக்கமே போகவில்லை.

2020இல் மழைத் தண்ணீர் கிடந்த வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், அப்பத்தா வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. மதுரைக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தோம், ஆனாலும் அவர் மறுபடி எழுந்து நடக்கவில்லை. படுக்கையில் இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகில் புண் வந்துவிடும். புண் வந்தால் ஆறாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் சொல்வோம், அம்மாவை ஆத்தா என்போம்) முன்பே காலமாகிவிட்டார், வீட்டில் ஆத்தாவும் நானும்தான். ராத்திரி பத்திலிருந்து ஒன்றரை வரை ஆத்தா, ஒன்றரையிலிருந்து ஐந்து வரை நான். காலை ஒன்பதுக்குப் புதுவயலில் ரைஸ் மில் கணக்கு வேலை. கண்டனூரிலிருந்து பைக்கில் போய்விடலாம், தூரம் ஒன்றுமில்லை, ஆனால் தூக்கம் இல்லாமல் நெல் கொள்முதல் கணக்கு எழுதுவது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ராத்திரி ஒன்றரைக்கு எழுந்து உட்கார்ந்தால் படம் பார்க்க முடியாது, சத்தம் கேட்டால் அப்பத்தா விழித்துவிடுவார். புத்தகம் படிக்க விளக்குப் போட வேண்டும். அதனால் போனில் ஒரு கேம் போட்டேன், பெயர் வேண்டாம், எல்லாரும் ஆடுவதுதான். அதில் கில்டு என்று ஒரு கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எல்லாரும் சேர்ந்து ஒரு ராட்சசனை அடிக்க வேண்டும், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அது வசதியான நேரம். ஒரு நாள் பாதி அடியில் அப்பத்தா "தண்ணி" என்றார். போனைக் கீழே போட்டுவிட்டு எழுந்தேன். தண்ணீர் கொடுத்து, துணி மாற்றி, புரட்டிப் படுக்க வைத்துத் திரும்பி வந்தபோது நாங்கள் தோற்றிருந்தோம். என்னைக் கூட்டத்திலிருந்து நீக்கியிருந்தார்கள், தமிழிலேயே கெட்ட வார்த்தையில் எழுதியும் வைத்திருந்தார்கள். "நேரம் ஒதுக்க முடியாதவன் எதுக்கு வர்றே" என்பதுதான் அதில் எழுதக்கூடிய வரி. அதைப் படித்தபோது கை நடுங்கியது. அந்த ஆட்கள் யாரென்றே எனக்குத் தெரியாது, அவர்களுக்கும் என்னைத் தெரியாது, இருந்தாலும் அது மனசில் இருந்து போகவில்லை. உங்கள் கேள்வியைப் பார்த்ததும் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததற்கு அந்த ஒரு வரிதான் காரணம்.

அதை அழித்துவிட்டுத் தேடும்போதுதான் ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் 2018 அக்டோபரிலேயே போனுக்கு வந்துவிட்டது என்று தெரிந்தது. இது தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: 2007 ஆகஸ்ட் மாதம் எடுத்து வைத்த ஒரு பழைய பிரதியை வைத்து, பழைய ஆட்கள் கேட்டார்கள் என்று 2013இல் தனியாகத் திறந்த கேம் இது. அதாவது நான் பிரவுசிங் சென்டரில் ஆடிய அதே வருஷத்து உலகம். பழைய கணக்கில் சேர்த்தது எதுவும் வராது, எல்லாரும் ஒன்றாம் நிலையிலிருந்துதான். கேம் தொடங்கும் ஊரான லம்பிரிட்ஜில், கோட்டை அடுக்களைக்குள் போனால் அதே சமையல்காரர், அதே கவலையில் நிற்கிறார். பிரபுவுக்குப் பிறந்தநாள் கேக் செய்ய வேண்டும், முட்டை, பால், மாவு மூன்றும் கையில் இல்லை. பசுவைக் கறந்து பால், கோழிப் பண்ணையில் முட்டை, வயலில் கோதுமை பறித்துக் காற்றாலை மாடிக்கு ஏறி, கோதுமையைக் கொட்டி, நெம்புகோலை இழுத்து, கீழே இறங்கி வந்து பானையில் மாவை அள்ள வேண்டும். மேலே கொட்டிக் கீழே அள்ளுவதுதான் என் மில்லிலும் நடப்பது. அன்றைக்கு ராத்திரி எனக்கு ரொம்ப நாளைக்கு அப்புறம் மனசு லேசாக இருந்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த கேமை எந்த நிமிஷத்திலும் கீழே வைக்கலாம். மீன் பிடிக்க ஒரு தடவை தொட்டால் போதும், ஆள் பாட்டுக்குப் பிடித்துக்கொண்டிருப்பார். நாம் எழுந்து போய்க் கொஞ்ச நேரம் வராவிட்டால் கேம் தானாக வெளியேற்றிவிடும், பிடித்த மீன் பையில் அப்படியே இருக்கும். நமக்காக யாரும் காத்திருப்பதில்லை, நம்மால் யாரும் தோற்பதில்லை. கேம் முழுக்க 0.6 விநாடிக்கு ஒரு துடிப்பு என்ற கணக்கில்தான் நகரும், அதனால் சிக்னல் கொஞ்சம் திணறினாலும் சமாளிக்கலாம். எங்கள் வீட்டுச் சுவர் கனத்துக்கு அறைக்குள் சிக்னலே வராது, அப்பத்தாவின் கட்டிலை வளவு ஓரமாகப் போட்ட பிறகுதான் எனக்கு இரண்டு கோடு கிடைத்தது.

நான் பிடித்தது சிங்கி இறால். அதற்கு மீன்பிடித் திறன் 40ஆம் நிலை வேண்டும். போர்ட் சாரிம் துறைமுகத்தில் கேம் காசு 30 கொடுத்துப் படகேறிக் கரம்ஜா தீவுக்குப் போக வேண்டும், திரும்பி வரவும் 30 காசு. பையில் 28 இடம், கூண்டுக்கு ஒன்று, காசுக்கு ஒன்று, ஆக ஒரு நடைக்கு 26 இறால். ஒரு இறாலுக்கு 90 புள்ளி. 99ஆம் நிலைக்கு வேண்டியது 1,30,34,431 புள்ளி, அதில் பாதியை 92ஆம் நிலையில்தான் தொடுவோம். இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் உங்கள் நண்பர்கள் முடியாது என்கிறார்கள். இறால் மட்டுமே பிடித்தால் 1,44,000க்கு மேல் பிடிக்க வேண்டும், உண்மைதான். நான் நாலு வருஷத்தில் பதினான்காயிரத்துச் சொச்சம் பிடித்து 76க்கு வந்திருக்கிறேன். எனக்கு 99 வேண்டாம். இறால் பிடிக்கும் ராத்திரிகளில் இரண்டு நடை, 52 இறால், அதற்குள் அப்பத்தாவைப் புரட்டும் நேரம் வந்துவிடும். கடிகாரம் பார்க்கவே வேண்டியதில்லாமல் போயிற்று.

அப்பத்தாவும் பார்ப்பார். முதலில் வில்லோ மரம் வெட்டுவதைப் பார்த்துவிட்டு "ராத்திரியில மரத்தை வெட்டாதேப்பா" என்றார். வெட்டின அடிக்கட்டை கொஞ்ச நேரத்தில் மறுபடி மரமாவதைக் காட்டினேன், அப்புறம்தான் சமாதானமானார். இறால் பிடிக்கத் தொடங்கியதும் "இன்னைக்கு எத்தனைடா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அதைச் சுடும்போது சில கருகிப்போகும், சமையல் திறன் 74 வந்தால்தான் இறால் கருகாது. கருகினால் அவருக்குப் பொறுக்காது. "அடுப்பைக் குறைக்கத் தெரியலையே, இதைச் சோம்பும் மிளகும் அரைச்சு விட்டு..." என்று ஆரம்பித்து முழுக் குழம்பையும் சொல்லி முடிப்பார், சொல்லிக்கொண்டே தூங்கிவிடுவார். ஆத்தாவுக்குக்கூடத் தெரியாத பக்குவம் இரண்டு, மூன்று அப்படித்தான் எனக்குக் கிடைத்தது.

எனக்கு வயிற்றெரிச்சல் எல்லாம் வீட்டுப் பங்காளிகள் மேல்தான். எங்கள் வீடு ஏழு பங்கு. ஆறு பங்குக்காரர்கள் சென்னை, பெங்களூர், மலேசியா என்று இருக்கிறார்கள், அவரவர் அறைக்கு அவரவர் பூட்டு. ஓடு உடைந்து ஒழுகுகிறது, மாற்றலாம் என்று போன் செய்தால் "பாப்போம்" என்பார்கள். அப்பத்தா வழுக்கிய இடத்தில் தண்ணீர் தேங்கியதே வளவுத் தண்ணீர் போகும் வழி அடைத்துக் கிடந்ததால்தான், அதைச் சரி செய்ய ஆகும் செலவைப் பிரித்துக்கொள்ள இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் நடுப்பத்தியில் இருந்த தேக்குப் பெட்டகத்தை காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடைக்கு விற்கும்போது மட்டும் எல்லாருக்கும் பங்கு ஞாபகம் வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை, முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கு வருவார்கள், சாப்பிடுவார்கள், போட்டோ எடுப்பார்கள். 2022இல் அப்படி வந்த பெரியப்பச்சி (பெரியப்பா) முறையுள்ள ஒருவர் ராத்திரி எழுந்து வந்து என்னைப் பார்த்துவிட்டு, காலையில் பந்தியில் எல்லார் முன்னாலும் "அப்பத்தாவைப் பாத்துக்கிறேன்னு பேரு, விடிய விடிய போனைத்தான் பாக்குறான்" என்றார். நான் பதில் பேசவில்லை. ஆத்தாதான் "உங்க ஆத்தா முதுகைத் திருப்பிப் பாருங்க, ஒரு புண்ணு இருந்தா சொல்லுங்க" என்றார். பந்தி அமைதியாகிவிட்டது.

நாலு வருஷம் ஒரு புண் வரவில்லை. 2024 மாசியில் அப்பத்தா காலமானார்.

இப்போது நானும் உங்களைப் போலத்தான், மில்லில் இருந்து வந்து குளித்துவிட்டு ஒரு அரை மணி நேரம். சில நாள் அதுவும் இல்லை. இதை ஆட்டம் என்றே ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள், பெரிய டிராகனை அடிக்காதவன், சந்தா கட்டாதவன் பேசவே கூடாது என்பார்கள். அவர்கள் வேகத்தில் அவர்கள் ஆடட்டும், அதில் எனக்குக் குறை இல்லை. என் நேரத்தை எதில் செலவழித்தேன் என்று அவர்களுக்கு நான் கணக்குக் காட்ட வேண்டியதில்லை, நீங்களும் காட்ட வேண்டாம்.

ஆட உட்கார்ந்தால் சிலது மட்டும் கவனியுங்கள். கவசத்துக்குக் கரை போடுகிறேன், காசை இரட்டிப்பாக்குகிறேன் என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள், இன்றைக்கும் அப்படிக் கேட்கிறவர்கள் உண்டு. வாராக்குக்கு வடக்கே ஒரு பள்ளம் வரும், அதைத் தாண்டினால் மற்ற ஆட்கள் உங்களைக் கொன்று பொருளை எடுத்துக்கொள்ளலாம், அரை மணி நேரக்காரர்களுக்கு அங்கே வேலை இல்லை. மரம் வெட்டுவது 30ஆம் நிலைக்கு வந்ததும் டிரேனர் என்ற ஊருக்குப் போங்கள், பேங்குக்குப் பக்கத்திலேயே வில்லோ மரங்கள் நிற்கின்றன, நடக்கும் நேரம் மிச்சம். அதற்கெல்லாம் முன்னால் லம்பிரிட்ஜ் சமையல்காரருக்கு அந்த மூன்று சாமானையும் கொண்டுபோய்க் கொடுங்கள். மாவுக்குப் பானை வேண்டும், அதைத் தேடி அலைய வேண்டாம், அவர் அடுக்களை மேசையிலேயே இருக்கும்.